ஓ.பி. சீட்டில் இல்லாத பெயர்

கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு யார் பெயரில் எழுதப்படுகிறது? பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமானாலும், மலைமேல் பூப்பாறை, உடும்பன்சோலையானாலும், கீழே போடி, கம்பமானாலும் பதில் ஒன்றுதான். பெண்ணின் பெயரில். அவள் ரத்தம் கொடுக்கிறாள், ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்கிறாள், கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். பழனிக்கு நேர்ந்துகொள்கிறாள், அக்கம்பக்கத்து மலையாளிகள் சொல்லக் கேட்டு மண்ணாறசாலைக்குப் போய் உருளி கவிழ்த்துவிட்டும் வருகிறாள். “வீட்டுக்காரரையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க” என்று சிஸ்டர் சொன்னால், “அவரு வண்டிக்குப் போயிருக்காரு சிஸ்டர், அவருக்கு ஒண்ணும் இல்லை” என்கிறாள். எந்த ஆய்வகமும் பார்த்துச் சொன்னதல்ல அது. மாமியார் சொன்னது.

குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. அவனிடம் மட்டுமோ, இருவரிடமுமோ. மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சலித்துவிட்டார்கள். விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்கம் இல்லை, செலவும் அதிகமில்லை. இரண்டிலிருந்து ஏழு நாள் உறவு கொள்ளாமல் இருந்துவிட்டு ஒரு குப்பியில் மாதிரி கொடுத்தால் போதும். ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 30 என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேடு கீழ்வரம்பு வகுத்திருக்கிறது. இந்த எளிய சோதனையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, வலி மிகுந்ததை அவளுக்கு முதலில் செய்கிறோம். தெரியாமல் நடந்துவிடும் பிழை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்தே செய்யும் அநியாயம் இது.

அந்தச் சோதனை அவனுடைய ஆண்மைக்கு மார்க் போடுவதாக ஆண்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் அது அவன் உடம்பு முழுவதையும் பற்றிப் பேசுகிறது. டென்மார்க்கில் 1965 முதல் 2015 வரை விந்துப் பரிசோதனைக்கு வந்த 78,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2025-ல் வெளியானது. நல்ல இயக்கமுள்ள விந்தணு நிறைய இருந்தவர்கள், மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இரண்டரை ஆண்டுக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். விந்தணுவா ஆயுளைக் கூட்டிற்று? இல்லை. இரண்டையும் கெடுக்கும் காரணங்கள் ஒரே உடம்பில் குடியிருக்கின்றன.

அவற்றில் நம் பக்கத்தில் பெரியது சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, தமிழ்நாட்டில் 14.4, கேரளத்தில் 25.5. நால்வரில் ஒருவர். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைப் பெண் சுரப்பாக மாற்றும் நொதி அதில் இருக்கிறது. அப்படி மாறியது மூளைக்குப் போய், ‘போதும், உற்பத்தியைக் குறை’ என்று தவறான சேதி சொல்கிறது. விந்தகத்துக்கு வரவேண்டிய கட்டளை குறைகிறது. இன்சுலினுக்கு உடம்பு மசியாமல் போனால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கும் புரதமும் குறையும். சர்க்கரை பல காலம் கூடியிருந்தால் விந்தணுவின் மரபிழைகள் அறுபடுகின்றன. நரம்பு கெட்டு எழுச்சி குன்றுகிறது. சிலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிப் போய்விடுகிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, ஆள் வெளியே பார்க்கத் திடகாத்திரமாகவே இருப்பான். தொப்பையை வசதியின் அடையாளமாகப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது.

சர்க்கரைக்கு அடுத்தது சூடு. வாளையாறு எல்லையைத் தாண்டிப் போகும் பழைய லாரி ஒன்றின் கேபினில் ஏறிப் பாருங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே எஞ்சின். மேலே பெட்டி போட்டு மூடி, அதன்மேல் கம்பளித் துண்டை மடித்துப் போட்டிருப்பார்கள். அப்படியும் கை வைத்தால் சுடும். ரெக்சின் இருக்கை வேர்வையில் ஒட்டும். வெளியே பாலக்காட்டுக் கணவாயின் சூட்டுக்காற்று. 2024 ஏப்ரல் கடைசியில் வானிலைத் துறை பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடுத்த நாட்களை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விந்தகம் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே, உள்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அதற்கு வேலை ஓடும் என்பதுதான். பிரான்சின் துலூஸ் நகரத்தில் சாதாரணக் காரில் உட்கார்ந்து ஓட்டியவர்களை அளந்து 2000-ல் வெளியிட்டார்கள்: இரண்டு மணி நேரத்தில் விதைப்பையின் சூடு ஏறக்குறைய 2 டிகிரி ஏறியிருந்தது. அது கார். இங்கே லாரி, ராத்திரி முழுக்க, தூக்கம் விரட்டச் சர்க்கரை தூக்கலாக டீ, பீடி, இறங்கினால் பொரோட்டா, ஊர் திரும்பினால் சித்தூர்க் கள்ளு. இந்த ஆளுக்குப் போய் ‘நடைப்பயிற்சி செய்’ என்று துண்டுச்சீட்டு கொடுப்பது பரிகாசம்.

ஏலமலையின் சங்கதி வேறு. விடியுமுன் கம்பம், தேவாரம், போடியிலிருந்து ஜீப்பில் ஏறிப் போகும் கூலிகளில் மருந்தடிப்பு பெரும்பாலும் ஆண்களின் வேலை. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்குமாக ஏலத்துக்குத் திரும்பத் திரும்ப மருந்து அடிக்கிறார்கள். முகத்தில் துண்டு கட்டினால் அதுதான் பாதுகாப்பு. பூச்சி மருந்து ஆணின் விதையைத் தொடும் என்பது கற்பனையல்ல. 1977-ல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்னும் புழுக்கொல்லியைத் தயாரித்த ஆலையில், தங்களில் யாருக்கும் பிள்ளை பிறக்கவில்லையே என்று தொழிலாளர்களே பேசிக்கொண்ட பிறகுதான் பரிசோதனை நடந்தது. பலருக்கு விந்தணுவே இல்லை. கேரளத்திலேயே காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த பத்ரே கிராமத்தில், அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் ஆண்பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். பருவமடைதல் பிந்தியிருந்ததையும் டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்ததையும் 2003-ல் எழுதினார்கள். எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. மற்ற மருந்துகள் கடையில் இருக்கின்றன. கையுறையும் முகமூடியும் கொடுக்காத முதலாளியிடம் கேட்காமல், தொழிலாளியின் பழக்கவழக்கத்தை மட்டும் திருத்தப் போவது வாழ்முறைத் திருத்தம் ஆகாது.

ஆனால் ஆண்கள் தாமாகத் தேடிக்கொள்ளும் கேடும் உண்டு. ஆண்மைக் குறைவுக்கு மருந்தென்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது; பஸ் ஸ்டாண்ட் சுவரைப் பார்த்தால் அப்படியொரு சட்டம் இருப்பதாகத் தெரியாது. அதைவிட வேதனை, ஜிம்மில் கை பெருக்கவென்று போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. வெளியிலிருந்து வந்தால் மூளை உள்ளே செய்வதை நிறுத்திவிடும், விந்தணு வற்றிப்போகும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990-ல் முடிவு வெளியிட்டிருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, குறை அவனிடம்தான் என்று உறுதியானாலும் ஊசி அவளுக்குத்தான். ஒரே ஒரு விந்தணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தும் முறையில் கருத்தரித்ததை பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 1992-ல் அறிவித்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றிய முறை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனுடைய குறைக்காக நாள்தவறாமல் சுரப்பு ஊசி போட்டு, முட்டைகளை முதிரவைத்து, மயக்கம் கொடுத்து உறிஞ்சி எடுப்பது அவள் உடம்பிலிருந்து. தன் இடுப்பளவைக் குறைக்க மூன்று மாதம் முயலாத ஒருவன், நகையை அடகு வைத்து அவளை அந்த மேஜையில் படுக்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மூன்று மாதம் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல். முதிர்ந்து வெளியேற இன்னும் இரண்டு வாரம். இன்று பீடியை விட்டால் பலன் இன்று தெரியாது. அடுத்த பருவத்தில் தெரியும். டென்மார்க்கிலேயே, உடல் பருத்த ஆண்களுக்கு எட்டு வாரம் உணவைக் கட்டுப்படுத்தியபோது சராசரியாக 16.5 கிலோ குறைந்தது. விந்தணுச் செறிவு ஒன்றரை மடங்கு ஆனது. இறங்கிய எடையைக் காத்தவர்களுக்கு அந்தப் பலனும் நிலைத்தது. எல்லாருக்கும் இது கைகொடுக்காது. விதைப்பை நாளங்கள் புடைக்கும் வெரிகோசீல், விதை இறங்காமை, மரபணுக் கோளாறு, பருவமடைந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி என்று வாழ்முறையோடு சம்பந்தமில்லாத காரணங்கள் இருக்கின்றன. அவளைத் தூற்றிய வாய் இனி அவனைத் தூற்றுவதற்கு இந்தக் கட்டுரை கருவியாகிவிடக் கூடாது.

கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்கள் இருக்கின்றன. ‘ஷைலி’ செயலியோடு ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக வந்து வாழ்க்கைமுறை நோய்களைப் பற்றி விசாரிக்கும் ஏற்பாடும் 2022-லிருந்து இருக்கிறது. அது 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு. கல்யாணம் அதற்கு முன்பே நடக்கிறது. பகலில் ஆஷா வரும் நேரத்தில் ஆண் வண்டியிலோ தோட்டத்திலோ இருக்கிறான். சரக்கு வண்டி ஓட்டுபவர் லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மருத்துவச் சான்று கொடுத்தாக வேண்டும். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்துக் கையெழுத்தாகும் அந்தப் படிவத்தோடு, அதே மேஜையில் இடுப்பளவும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கலாம். இளம் ஆண்கள் கூட்டமாக, தாமே நடந்து, மருத்துவர் முன்னால் வந்து நிற்கும் இடம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. வாளையாற்றின் இரு பக்கமும், குமுளி எல்லையின் இரு பக்கமும் இதைத் தொடங்கப் புதுக் கட்டடம் ஒன்றும் வேண்டாம்.