தகர ரொபோவும் பற்றும்

தகரத் தகட்டை வெட்டி, மடித்து, ஈயப் பற்றுவைத்துக் கையால் செய்யப்படும் பொம்மை ரொபோக்கள் 1950களின் யப்பானியப் பொம்மைகளை முன்னோராகக் கொண்டவை. சதுரத் தலை, குழாய்க் கை, மார்பில் வட்டமான அளவுமானி, முதுகில் சாவி என்ற பழைய அமைப்பை அவை விடுவதில்லை. செய்பவர்கள் எண்ணெய்ப் பேணி, வானொலிக் குமிழ், மணிக்கூட்டுப் பற்சக்கரம் என்று கையில் அகப்படுவதையெல்லாம் சேர்த்துக்கொள்வதால் ஒன்றைப் போல் இன்னொன்று அமைவதில்லை. இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவரிடம் ஒரு பழைய சமயக் கேள்வி புது வடிவில் வந்து நிற்கிறது. உயிரில்லாத உருவத்தின் மீது மனிதர் வைக்கும் அன்பு அவரைக் கட்டுகிறதா, அவிழ்க்கிறதா?

இப்பொம்மைகளின் கதை வறுமையில் தொடங்குகிறது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் இறுதியில், யப்பானின் ஒட்சு நகரில் கொசுகே மட்சுசோ என்பவர், அமெரிக்கப் படையினர் எறிந்த உணவுப் பேணிகளைத் தட்டி நிமிர்த்திச் சிறு ஜீப் பொம்மைகள் செய்தார். அந்நாட்டின் பொம்மைத் தொழில் மீண்டெழுந்தது அதிலிருந்துதான். அடுத்த பத்தாண்டில் வண்ணம் அச்சிட்ட தகரத்தில் ரொபோக்கள் வந்தன. 1956இல் வெளியான 'ஃபோர்பிடன் பிளானட்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் ரொபி அவற்றுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தது. 1986இல் கித்தஹாரா தெருஹிசா யொகொஹாமாவில் தம் சேகரிப்பைக் கொண்டு ஓர் அருங்காட்சியகம் திறந்தார். பிள்ளைகள் போட்டு உடைத்து விளையாடிய மலிவான பொருள், கண்ணாடிக்குள் போய் ஏலத்தில் பல்லாயிரம் டொலர் பெறும் பொருளாகிவிட்டது. அன்று தொழிற்சாலை அச்சு அழுத்தித் தள்ளிய உருவத்தை இன்று ஒருவர் நாட்கணக்கில் இருந்து கையால் செய்கிறார். அதை வாங்குபவர் பலருக்கு அந்த 1950கள் வாழ்ந்தறியாத காலம். தாம் வாழாத காலத்தின் மீதும் மனிதர் பற்று வைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பொம்மையையும் பற்றையும் புத்தர் நேரடியாகவே தொடர்புபடுத்தியிருக்கிறார். பிரமஜால சூத்திரம், துறவிகள் விலக்க வேண்டிய விளையாட்டுகளின் பட்டியலில் பொம்மைத் தேர், பொம்மை வில், காற்றாடி ஆகியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அது துறவிக்கான ஒழுக்கம். இல்லறத்தாரும் எண்ணிப் பார்க்க வேண்டியது சம்யுத்த நிகாயத்தில் ராதர் என்ற பிக்குவுக்குச் சொல்லப்பட்ட உவமை. பிள்ளைகள் மண்வீடு கட்டி விளையாடுகிறார்கள். அதில் ஆசை இருக்கும்வரை அதைத் தமதென்று போற்றிக் காக்கிறார்கள். ஆசை தீர்ந்த கணத்தில் தாமே கையாலும் காலாலும் கலைத்துவிடுகிறார்கள். இரண்டு வேளையிலும் மண் அதே மண்தான். கட்டியதும் கலைத்ததும் பிள்ளைகளின் மனம். ஆகவே இவ்வுவமையின்படி குற்றம் பொருளில் இல்லை. ஒரு ரொபோ வைத்திருப்பவர் நூறு வைத்திருப்பவரைவிட இறுகக் கட்டுண்டிருக்கலாம்.

இலங்கையிலேயே எழுந்த ஒரு சிந்தனை இன்னும் ஆழமாகப் போகிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், மனிதரை மரத்தாலான இயந்திரப் பாவைக்கு ஒப்பிடுகிறார். பாவைக்குள் யாருமில்லை. மரமும் கயிறும் கூடும்போது அது நடக்கிறது, நிற்கிறது. ஏதோ விருப்பத்தோடு அசைவதுபோலத் தோன்றுகிறது. உடலும் மனமும் சேர்ந்த மனிதரும் அப்படித்தான். உள்ளே இருந்து ஆட்டுவிக்கும் ஆன்மா என்று ஒன்றில்லை என்பது அவர் முடிவு. தகர ரொபோவுக்குச் சாவி கொடுத்துப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். முறுக்கிய உருக்குச் சுருள் விரிய முயல்கிறது; பற்சக்கரங்கள் அந்த வேகத்தை அடக்கிக் கால்களுக்கு அனுப்புகின்றன; பொம்மை தயங்கித் தயங்கி, எதையோ தேடுவதுபோல நடக்கிறது. தேடல் பார்ப்பவரின் கண்ணில் இருக்கிறது. சுருள் முழுதும் விரிந்ததும் பொம்மை நிற்கிறது. அப்போது உள்ளிருந்து எதுவும் வெளியேறுவதில்லை. அனாத்மக் கோட்பாட்டை விளக்க இதற்கு ஈடான கருவி கிடைப்பது அரிது.

அதே புத்தகோசர் தீக நிகாய உரையில் இன்னொரு கதை சொல்கிறார். அசாதசத்து மன்னன் மண்ணுக்கடியில் வைத்த புத்தரின் தாதுக்களைக் காக்க, தேவதச்சன் விசுவகர்மா வாளேந்திச் சுழலும் மரப்பாவைகளை நிறுத்தினான். அசோகன் வந்து திறக்கும்வரை அவை ஓயாமல் சுழன்றன. தாம் காப்பது என்னவென்று அறியாமலே காத்தன. கண்ணாடி அலுமாரியைப் பூட்டி, யாரும் தொடாதபடி பார்த்துக்கொண்டிருக்கும் சேகரிப்பாளர் இக்கதையில் தம்மைக் காண்பார். அலுமாரிக்குள் நிற்பது பாவை. வெளியே காவல் நிற்பவரும் மெல்ல மெல்லப் பாவையாகிக்கொண்டிருக்கிறார்.

சைவம் வேறு வழியில் வருகிறது. உயிர் உண்டு, அதை அனாதியாக மறைத்திருப்பது ஆணவ இருள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த சித்தாந்த மரபில், மாயையிலிருந்து வரும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் உடல், கருவி, உலகு, நுகர்வு எல்லாம் அந்த இருளில் உயிருக்கு ஏற்றிவைத்த விளக்குகள். விடிந்தபின் விளக்குத் தேவைப்படாது. விடியும்வரை அதை அணைப்பவர் இருளில் இடறுவார். பொருள்கள் இங்கே பகையில்லை. அவற்றைத் தன்னுடையது என்று பிடிக்கும் முனைப்பே மலம்.

கொழும்பின் பாமன்கடை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் புரட்டாதி நவராத்திரியின்போது இக்கொள்கை வீட்டுக்குள் நடைமுறையாக விளங்குகிறது. யாழ்ப்பாணத்து வழக்கமுள்ள வீடுகளில் கும்பமே முதன்மை. தமிழகத் தொடர்புள்ள வீடுகளில் படி கட்டிக் கொலு வைக்கிறார்கள். கொலு என்பது சேகரிப்புத்தான். பாட்டி வாங்கியது, அம்மா வாங்கியது, இவ்வருடம் புதிதாக வந்தது என்று பொம்மைகள் கூடிக்கொண்டே போகும். ஆனால் அவை பெட்டியிலிருந்து வெளியே வருவது விருந்தாளிகளுக்காக. பார்க்க வருபவருக்குச் சுண்டலும் வெற்றிலையும் கிடைக்கும். விசயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, பின் எல்லாவற்றையும் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். படிகள் கீழிருந்து மேலாக ஓரறிவு உயிர், விலங்கு, மனிதர், முனிவர், தெய்வம் என்று ஏறும் என்பது மரபான விளக்கம். இதில் ரொபோ எந்தப் படிக்கு உரியது? உயிரில்லாததால் கீழ்ப்படிக்கும் கீழே என்று ஒருவர் சொல்லலாம். ஆயுத பூசையன்று அரிவாளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் மோட்டார் வண்டிக்கும் சந்தனம், குங்குமம் வைக்கும் அதே வீட்டில் அந்த விடை நிலைக்காது. உழைப்புக்குத் துணைநின்ற கருவியை வணங்கும் மரபில், மனிதரின் கைத்திறன் மனித உருவம் பெற்ற பொம்மைக்கு உரிமையோடு இடமுண்டு.

கடலோர நகரில் தகரம் சேர்ப்பவருக்கு இன்னொரு பாடமும் உண்டு. உப்புக் காற்றில் தகரத்தின் மேற்பூச்சு உரிந்த இடமெல்லாம் துருப்பிடிக்கும். எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டும். ஓடாமல் கிடந்த சுருள் இறுகாதபடி இடையிடையே சாவி கொடுக்க வேண்டும். தேய்ந்த பற்சக்கரத்துக்கு மாற்றுத் தேடிப் பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் அலைய வேண்டும். பௌத்தர் இதில் அநித்தியத்தைக் காண்பார். சைவர் கோயிலுக்குக் கைத்தொண்டு செய்யும் சரியையை நினைப்பார். அப்பர் உழவாரத்தால் கோயில் முற்றத்தைச் செதுக்கியபோது புல் மறுபடி முளைக்கும் என்பதை அறியாதவரல்லர். நிலைக்காது என்று தெரிந்தே ஒன்றைப் பேணும்போது அன்பு முனைப்பிலிருந்து பிரியத் தொடங்குகிறது. விலை ஏறும் என்று பூட்டி வைத்தவருக்கு இது வாய்ப்பதில்லை.

யப்பானில் இச்சிந்தனை இயந்திரங்களுக்கே நேராக வந்துள்ளது. ரொபோப் பொறியியலாளர் மொரி மசஹிரோ, ரொபோவிலும் புத்த இயல்பு உண்டென்று ஒரு நூலே எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1981இல் வந்தது. சோனி நிறுவனம் ஐபோ என்ற நாய் ரொபோவின் உற்பத்தியை 2006இல் நிறுத்தி, 2014இல் பழுதுபார்ப்பையும் கைவிட்டது. அதன்பின் 2015 முதல், சிபா மாகாணத்து கொஃபுகுஜி கோயிலில் பழுதான ஐபோக்களுக்குப் பிக்குகள் சூத்திரம் ஓதிப் பிரியாவிடை கொடுத்தனர். சடங்கு முடிந்தபின் அவற்றின் பாகங்கள் மற்ற ஐபோக்களைப் பழுதுபார்க்கப் பயன்பட்டன. புத்தகோசர் ஏற்றிருக்கக்கூடிய சடங்கு இது: உள்ளே யாருமில்லை என்று அறிந்தே நன்றி சொல்லி, கூட்டிச் சேர்த்ததைப் பிரித்துக் கொடுப்பது. கையால் செய்த ரொபோக்களைச் சேர்ப்பவர் தமக்குப் பின் அவை யாரிடம் போகும் என்பதை இருக்கும்போதே தீர்மானித்து, ஒன்றிரண்டையாவது விளையாடக்கூடிய பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டால், இரண்டு மரபுகளும் அவருக்கு இடம் தரும்.