இல்லத்துப் பணியும் தேசவிரதமும்



உயிர், புத்கலம், தர்மம், அதர்மம், ஆகாயம், காலம் என்னும் ஆறு திரவியங்களால் ஆனது இவ்வுலகம் என்பது ஜினாகமம் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடமாகும். இவற்றுள் காலத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஏனைய ஐந்தும் அஸ்திகாயங்கள். கால அணுக்களோ ஒன்றோடொன்று ஒட்டாமல், குவித்து வைத்த மணிகளைப் போல, உலகாகாயத்தின் பிரதேசந்தோறும் ஒவ்வொன்றாக நிற்பன. நெல்லைக் குதிரில் சேர்ப்பது போலவும், பொன்னைப் பேழையில் பூட்டுவது போலவும் காலத்தைச் சேர்த்து வைக்க எவராலும் இயலாது. கண்ணிமைக்கும் பொழுதில் எண்ணிறந்த சமயங்கள் கழிந்து விடுகின்றன.

குயவனின் சக்கரம் சுழல்வதற்கு அதன் அடிக்கல் துணை நிற்கிறது. ஆனால் அக்கல் தானாகச் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. காலமும் அவ்வாறே பொருள்களின் மாற்றத்திற்குத் துணைக்காரணமாய் நிற்பது மட்டுமே என்று ஆசாரியர்கள் விளக்கியுள்ளனர். எனவே, "நேரமே இல்லை" என்று காலத்தின்மேல் குறைகூறுதல் பொருந்தாது. சக்கரத்தைச் சுழற்றும் கை நம்முடையது.

இக்கருத்தை இன்று எடுத்துரைக்க ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, அலுவலகங்கள் பல ஒரே வாரத்தில் இல்லங்களுக்குள் குடிபுகுந்தன. தொலைவிலிருந்து பணிபுரியும் இம்முறைக்கு அமெரிக்கரான ஜாக் நில்ஸ் 1973 ஆம் ஆண்டிலேயே பெயரிட்டிருந்தார் எனினும், அது நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். நோய் தணிந்த பின்னும் பல நிறுவனங்கள் முழுமையாகவோ வாரத்தில் சில நாள்களோ இம்முறையைத் தொடர்கின்றன. நம் பிள்ளைகளும் மருமக்களும் வீட்டின் ஓர் அறையில் மடிக்கணினியின்முன் அமர்ந்து, பெங்களூருக்கும் இலண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் பணியாற்றுகின்றனர்.

இதில் நன்மை பல உண்டு. முதியோர்க்குத் துணை கிடைக்கிறது. வீட்டுச் சோற்றை உரிய பொழுதில் உண்ண வழி பிறக்கிறது. பேருந்திலும் இரயிலிலும் கழிந்த நேரம் மிச்சமாகிறது. ஆயினும் அந்த மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டால் பல இல்லங்களில் விடை இல்லை. காலையில் ஜினாலயம் செல்ல இயலவில்லை. மாலையில் பொழுதோடு உண்ண இயலவில்லை. சாமாயிகத்திற்கு இரண்டு நாழிகை கிட்டவில்லை. பிள்ளை வீட்டிலேயே இருக்கிறான், ஆனால் வீட்டாரோடு இல்லை.

காரணம் யாது? பள்ளியில் ஒவ்வொரு பாடவேளைக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. மணி ஒலித்தால் கணக்குப் புத்தகத்தை மூடித்தான் ஆகவேண்டும். அம்மணிதான் கணக்கையும் காத்தது, அடுத்து வரும் தமிழையும் காத்தது. இல்லத்துப் பணிக்கோ மணி அடிப்பார் இல்லை. எல்லையற்ற வேலை மற்றெல்லா வேளைகளையும் விழுங்கி விடுகிறது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறதோ அவ்வளவு நேரமும் அவ்வேலை பெருகிப் பரவும் என்று ஆங்கிலேயரான பார்க்கின்சன் 1955 இல் எழுதினார்.

நம் முன்னோர் இதற்கு மருந்து வைத்துச் சென்றுள்ளனர். அதுவே தேசவிரதம்.

எல்லை வகுக்கும் விரதம்

பத்துத் திசைகளிலும் இவ்வளவு தொலைவிற்குமேல் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் வகுத்துக் கொள்வது திக்விரதம். அவ்வெல்லைக்குள்ளும், "இன்ன பொழுதுவரை இவ்வீட்டளவில், இத்தெருவளவில் நிற்பேன்" என்று இடத்தையும் காலத்தையும் மேலும் சுருக்கிக் கொள்வது தேசவிரதம். உமாசுவாமி ஆசாரியர் இதனைக் குணவிரதங்களுள் வைத்தார். சமந்தபத்திரர் தமது இரத்தினகரண்டகத்தில் இதனைத் தேசாவகாசிகம் என்று பெயரிட்டுச் சிட்சாவிரதங்களுள் வைத்தார். நம் அருங்கலச்செப்பு அவ்வழியைப் பின்பற்றியது. சிட்சை என்றால் பயிற்சி. ஆசிரியப் பயிற்சி பெற்று வாழ்நாளைப் பள்ளியில் செலவிட்ட நமக்கு இவ்வகைப்பாடு மிகவும் உவப்பானது. எல்லைக்குள் நிற்பது ஒரே நாளில் கைவருவதன்று. நாள்தோறும் பழகவேண்டிய பயிற்சி அது.

இவ்விரதத்திற்கு ஆகமம் கூறும் ஐந்து அதிசாரங்களை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். எல்லைக்கு வெளியிலிருந்து ஒரு பொருளை வரவழைத்தல். எல்லைக்கு வெளியே ஒருவரை ஏவுதல். இருமியோ குரல் கொடுத்தோ ஒலியால் வெளியாரை அழைத்தல். தன் உருவத்தைக் காட்டிக் குறிப்புணர்த்துதல். கல் முதலியவற்றை எறிந்து கவனத்தை ஈர்த்தல் என்பன அவை. உடல் எல்லைக்குள் இருக்கும்போதே ஒலியாலும் உருவாலும் எறிபொருளாலும் மனிதன் எல்லையைத் தாண்டுவான் என்பதைத் துறவியர் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருந்தனர்! கைப்பேசிக் குரல் ஒலியாகும். காணொளிக் கூட்டம் உருவாகும். இரவு பதினொரு மணிக்கு வந்து விழும் குறுஞ்செய்தி எறிந்த கல்லேயாகும். உணவு மேசையில் அமர்ந்தும் மனம் அலுவலகத்தில் உலவுமாயின் அங்கே விரதம் கெட்டது.

எல்லையின் தேவையை உலகோரும் இப்போது உணரத் தொடங்கியுள்ளனர். பிரான்சு நாட்டில் 2017 ஜனவரி முதல், ஐம்பது ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், பணிநேரத்திற்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் ஊழியர் உரிமை குறித்துப் பேசி முடிவு செய்தல் வேண்டும் என்று சட்டம் உள்ளது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைவிடப் பக்கவாதம் உண்டாகும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என மதிப்பிட்டது. பிறவுயிரை வருத்தாதே என்பதைக் கற்ற நாம் தன்னுயிரை வருத்துதலும் இம்சையே என்பதை மறத்தலாகாது.

பயிலும் முறை

முதலாவது, இடத்தை வரையறுத்தல் வேண்டும். தனியறை இல்லையெனில் ஒரு மேசை, அதுவும் இல்லையெனில் கூடத்தின் ஒரு மூலை. பணி அங்கே மட்டும் நிகழட்டும். படுக்கைக்கும் உணவு மேசைக்கும் மடிக்கணினி வருதல் கூடாது.

இரண்டாவது, பொழுதைப் பகுத்தல் வேண்டும். நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும் 30 முகூர்த்தமாகவும் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். இத்தாலி நாட்டு மாணவரான பிரான்செஸ்கோ சிரில்லோ, 1980களின் இறுதியில், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைக் கொண்டு 25 நிமிடம் ஒருமனத்தோடு படிப்பது, பின்னர் 5 நிமிடம் ஓய்வது என்றொரு முறையைக் கைக்கொண்டார். இன்று உலகெங்கும் பலர் அதனைப் பின்பற்றுகின்றனர். அந்த 25 நிமிடம் நம் நாழிகையை ஏறத்தாழ ஒத்திருத்தல் காண்க. ஒரு நாழிகைக்கு ஒரே வேலை; அவ்வேலை இன்னதென முன்னரே குறித்துக்கொள்ளல். பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பிற்குள் செல்லலாகாது என்று பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்தது இதனையே.

மூன்றாவது, வீண்பொழுதை விலக்கல் வேண்டும். பயனின்றிப் பாவம் விளைக்கும் அநர்த்த தண்டத்தின் ஐந்து வகையுள் துச்சுருதி, பிரமாத சரியை என்பன இரண்டு. முன்னது தீயவற்றைக் கேட்டல். பின்னது பொறுப்பின்றிச் செயல்படுதல். பேச்சு வழக்கில் நாம் பாராட்டிச் சொல்லும் "பிரமாதம்" என்னும் சொல்லுக்கு ஆகமத்தில் விழிப்பின்மை என்பதே பொருள். ஓய்வுக்கென ஒதுக்கிய ஐந்து நிமிடத்தில் கைப்பேசியைத் திறந்து ஒரு முகூர்த்தத்தை இழப்பதில் இவ்விரண்டும் அடங்கும்.

நான்காவது, ஞாயிறு மறையுமுன் உண்ணும் ஒழுக்கத்தைக் காத்தல் வேண்டும். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடைகாலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அங்கே பணிபுரிவோர் உணவை முடித்துக்கொண்டே அமரலாம். இலண்டனில் காலை 9 மணி நமக்குப் பகல் 1.30 அல்லது 2.30. இவர்க்கு மாலையுணவு பணியின் நடுவே வரும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே ஞாயிறு மறைவதால், ஐந்து மணியளவில் அரைமணி நேரத்தைத் தம் அட்டவணையில் உணவுக்கென வெளிப்படையாகக் குறித்து, மேலதிகாரிக்கும் அறிவித்துவிடுதல் நன்று. நாணத்தால் சொல்லாமல் இருந்தால் அவ்விடத்தில் ஒரு கூட்டம் வந்து அமர்ந்துவிடும்.

ஐந்தாவது, கள்ளாமை. காண்போர் இல்லை என்பதற்காக, ஊதியம் பெறும் நேரத்தில் வேறு செயல் செய்தலும், கணினியின் சுட்டியைத் தானே அசைக்கும் கருவியை வைத்துவிட்டு எழுந்து போதலும் களவேயாகும். அவ்வாறே, பணிநேரம் முடிந்தபின் ஊழியரின் இரவைக் கேட்டு வாங்காமல் எடுத்துக்கொள்ளும் நிறுவனமும் பிறர்பொருளைக் கவர்கிறது. உரிய நேரத்தை நேர்மையோடு முழுமையாகக் கொடுத்தவரே எஞ்சிய நேரத்தைத் தமதென்று துணிந்து கேட்க வல்லார்.

இல்லத்தார் கடமை

இவ்விரதத்தைப் பணிபுரிபவர் ஒருவரே காத்தல் அரிது. மாமியார், மாமனார், கணவன், பிள்ளைகள் அனைவரும் அவ்வெல்லையை மதித்தல் வேண்டும். குறிப்பாக மருமகளைப் பற்றிக் கூற விழைகின்றோம். மகன் கணினிமுன் அமர்ந்தால் "அவன் வேலையாக இருக்கிறான்" என்று கதவைச் சாத்துகின்றோம். மருமகள் அமர்ந்தால், "வீட்டில்தானே இருக்கிறாய்" என்று அடுப்பையும் குழந்தையையும் எரிவாயு உருளை வாங்குவதையும் அவளிடமே ஒப்படைக்கின்றோம். அவள் ஒரே பொழுதில் இரண்டு பணிகளைச் சுமந்து, இரண்டிலும் குறைசொல் கேட்கின்றாள். சமத்துவ பாவமே சாமாயிகத்தின் உயிர். கூடத்தில் மணையிட்டுச் சாமாயிகம் செய்யும் நாம், அடுத்த அறையில் இச்சமநிலை இல்லாதிருக்க விடலாமா? அவளது பணிநேரத்தில் சோற்றை வடிக்கவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் நம்மால் இயலும். அது வையாவிருத்தியம் போன்றதொரு தொண்டேயாகும். இரவுப்பணி செய்து பகலில் உறங்குவோரை எழுப்பாது காத்தலும் அத்தகையதே.

நாளின் முடிவில் பிரதிக்கிரமணம் செய்யும்போது மற்றப் பிழைகளோடு இதனையும் எண்ணுவோமாக: இன்று வகுத்த எல்லை எங்கே தாண்டப்பட்டது? ஒலியாலா, உருவாலா, எறிந்த செய்தியாலா? குறித்து வைத்து மறுநாள் திருத்திக்கொள்ளலாம். தொடக்கத்தில் முழுநாளுக்கும் விரதம் ஏற்க வேண்டுவதில்லை. மாலையில் ஒரே ஒரு முகூர்த்தம் கணினியையும் கைப்பேசியையும் மூடிவைத்து, வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து, அறநூல் ஒன்றைப் படித்துச் சாமாயிகம் செய்வதென்று தொடங்குக. இரவுப்பணி உடையோர் அதனைக் காலைச் சந்தியில் கொள்க.

பெறற்கரிய மானிடப் பிறவியும், அதனினும் அரிய ஜினதருமமும் நமக்கு வாய்த்துள்ளன. நம் மக்கள் பொருளீட்டட்டும், நன்றாக ஈட்டட்டும். ஆயினும் ஈட்டிய பொருளால் கழிந்த ஒரு சமயத்தையும் மீட்க இயலாது என்பதை அவர்க்கு அன்போடு எடுத்துரைத்து, அவர்தம் எல்லைக்கு நாமும் காவலாக நிற்போமாக.

வளர்க ஜினதருமம்! வாழ்க அனைத்துயிரும்!