யாரோட பாடாந்தரம்?

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழ்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு வந்த கூரியரை வாங்கி வைத்திருந்தேன். கொடுக்கப் போன இடத்தில் அவள் கம்ப்யூட்டரில் ஒரு கண்ணை வரைந்துகொண்டிருந்தாள். ஒரே ஒரு கண். திரை முழுக்க அதுதான்.

"காலையிலேர்ந்து இந்த ஒத்தைக் கண்ணுதான். சாப்பிடக்கூட எழுந்திருக்கலை" என்றார் அவள் அம்மா.

கண்ணுக்குச் சொந்தக்காரி சிஹிரோ. ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' படத்தில் வரும் பத்து வயசுப் பெண். 2001-ல் ஜப்பானில் வந்து, 2003-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படம். அந்தப் படத்திலிருந்து ஒரு காட்சியை அடியில் போட்டு, அதற்கு மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு லேயரை விரித்து, கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ட்ரேஸ் பண்றியா?"

"வெக்டர் பண்றேன் அங்கிள்."

"ஈயடிச்சான் காப்பின்னு சொல்லு."

சொல்லியிருக்கக் கூடாது. நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டாள். "நீங்க ஒரே ஒரு கன்னம் போட்டுக் காட்டுங்க."

வெக்டர் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு: நாம் செல்போனில் எடுக்கும் போட்டோ எல்லாம் குட்டிக் குட்டிச் சதுரங்களால் ஆனது. ரொம்பப் பெரிதாக்கினால் மாடிப்படி மாதிரி பல் பல்லாகத் தெரியும். வெக்டர் படத்தில் சதுரம் கிடையாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, நடுவில் கோடு எப்படி வளைய வேண்டும் என்கிற கணக்கு, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதனால் தபால்தலை அளவிலும் போடலாம், அண்ணா சாலை விளம்பரப் பலகை அளவிலும் போடலாம். பிசிறு தட்டாது.

நான் கன்னம் போட்டேன். கோட்டை ஒட்டிப் போக வேண்டுமே என்கிற பயத்தில் நாலு மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தேன். மொத்தம் பதினாலு. சிஹிரோவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண் சிரிக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மேலே ஒன்று, தாடைக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டே புள்ளி வைத்தாள். ஒவ்வொன்றிலும் மௌஸை அமுக்கியபடி கொஞ்சம் இழுத்தாள். கன்னம் கன்னமாக வந்து உட்கார்ந்தது.

"எங்க புள்ளி வைக்கணும்னு தெரிஞ்சா போதும் அங்கிள். மத்ததை வளைவு பாத்துக்கும்."

இந்த வாக்கியத்தை நான் வேறு மாதிரி ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். என் அம்மா கோலம் போடும்போது சொல்வது. கோலத்தில் கோடு புள்ளியைச் சுற்றிப் போகும், வெக்டரில் புள்ளி வழியாகவே போகும். வித்தியாசம் அதுதான். மற்றபடி புள்ளியில்தான் சூட்சுமம். தாம்பரத்தில் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, பிறகு அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். ஜனவரி மாதம் மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாட வீதியில் குனிந்து கோலம் போடும் பெண்களுக்கு, தாங்கள் செய்வது கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று யாரும் சொல்வதில்லை.

அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருந்தது. அதில் ஒரு கோலம்கூட அவளே கண்டுபிடித்ததில்லை. எல்லாம் பார்த்துப் போட்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே 'தஞ்சாவூர் அத்தை', 'எதிர்வீட்டு மாமி', 'மார்கழி இணைப்பு' என்று எழுதி வைத்திருப்பாள். அதை ஈயடிச்சான் காப்பி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படியிருக்க, இந்தப் பெண்ணைப் பார்த்து மட்டும் ஏன் சட்டென்று அந்த வார்த்தை வந்தது?

இரண்டு வாரத்தில் சிஹிரோ முழுசாக வந்துவிட்டாள். முதலில் வெளிக்கோடு, அப்புறம் அடிப்படை நிறம், அதற்கு மேல் நிழல், கடைசியில் கண்ணில் அந்த வெள்ளைப் பொட்டு. எல்லாம் தனித்தனி லேயர். முடியின் ஒவ்வொரு கற்றையும் நுனியில் மெலிய வேண்டும் என்பதற்காக, அதைக் கோடாக இழுக்காமல் மெல்லிய இலை மாதிரி வடிவமாகப் போட்டிருந்தாள். மொத்தம் முப்பது மணி நேரம் என்றாள். பார்க்க நன்றாகவே இருந்தது.

அதுவரை பிரச்னை இல்லை. தி.நகரில் டி-ஷர்ட்டில் படம் அச்சடித்துத் தரும் ஒரு கடைக்காரர் இதை எப்படியோ பார்த்துவிட்டார். ஒரு கல்லூரி விழாவுக்கு ஐம்பது டி-ஷர்ட் ஆர்டர் இருக்கிறதாம். "ஃபைலைக் குடும்மா, ஆறாயிரம் தர்றேன்" என்றிருக்கிறார். பேனாவால் வரைகிற டேப்லட் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. விலை கிட்டத்தட்ட அதே ஆறாயிரம்.

மாடி ஏறி வந்தாள். "பண்ணலாமா அங்கிள்?"

பின்னாலேயே வந்த அம்மா, "இதுல என்ன யோசனை? முப்பது மணி நேரம் உழைச்சிருக்கா இல்ல?" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. காரணம், எனக்கு அந்த யோக்கியதை குறைவு. ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்தில் படித்துப் பாஸ் பண்ணியவன். 'ஸ்பிரிட்டட் அவே'யையே பிளாட்பாரத்தில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய டிவிடியில்தான் முதலில் பார்த்தேன். நான் போய்க் காப்பிரைட் பற்றி உபதேசம் பண்ணுவதா?

சட்டம் சொல்வது சுலபம். 1957-ம் வருடத்து இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் அறுபது ஆண்டு படத்துக்கு உரிமை உண்டு. சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் பயன்படுத்தினால் அதே சட்டம் கண்டுகொள்ளாது. எனவே வீட்டில் உட்கார்ந்து ட்ரேஸ் பண்ணிப் பழகினால் தப்பில்லை, டி-ஷர்ட்டில் போட்டு விற்றால் தப்பு. ஆனால் பிளஸ் ஒன் பெண்ணுக்குச் சட்டம் ஒரு பதிலா? மாட்டிக்கொள்ள மாட்டோம் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் கேட்டது அதுவல்ல. இது என்னுடையதா என்று கேட்டாள்.

'உலகத்தில் எதுதான் ஒரிஜினல்?' என்று தப்பித்துக்கொள்ளலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அவள் இழுத்த அந்த வளைகோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு பெஸியே வளைவு என்று பெயர். பியர் பெஸியே பிரான்சில் ரெனோ கார் கம்பெனியில் இன்ஜினீயர். 1960-களில் கார் உடம்பை வடிவமைக்க அதைப் பயன்படுத்திப் பிரபலப்படுத்தினார். ஆனால் 1959-லேயே போட்டிக் கம்பெனியான சிட்ரோவெனில் பால் த காஸ்தெல்ஜோ என்பவர் அதே விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. விளைவு, வளைவுக்குப் பெஸியே பெயர். அதைக் கணக்கிடும் வழிமுறைக்காவது காஸ்தெல்ஜோவின் பெயரை வைத்து உலகம் பிற்பாடு நேர் செய்துகொண்டது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் கணக்கோ 1912-ல் பெர்ன்ஸ்டைன் என்ற ரஷ்யர் போட்டது. ஒரு கன்னத்துக்குள் மூன்று பேர்!

காப்பியடிப்பது கேவலமும் இல்லை. ஒரு காலத்தில் ட்ரேஸ் பண்ணுவது கௌரவமான உத்தியோகம். கார்ட்டூன் படங்களுக்கு ஓவியர் பென்சிலில் வரைந்ததை, இன்னொருவர் செல்லுலாய்டு தாளில் மையால் ஒற்றி எடுக்க வேண்டும். டிஸ்னியில் இதற்கென்றே ஒரு பெரிய பெண்கள் படை இருந்தது. 1961-ல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' படத்தில் ஜெராக்ஸ் முறை வந்து கையால் மை ஒற்றும் வேலையை வாங்கிக்கொண்டது. ஜப்பானில் 'சசாயே-சான்' என்ற டி.வி. தொடர் 2013 வரை விடாப்பிடியாக செல்லுலாய்டு தாளிலேயே ஓடியது. நம் அண்ணா சாலை பேனர் ஓவியர்களும் ஸ்டில் போட்டோ மேல் கட்டம் கிழித்து, துணியில் பெரிய கட்டம் கிழித்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்துத்தான் நாற்பது அடி முகத்தைக் கொண்டுவந்தார்கள். விகடனில் சில்பி கோயில் கோயிலாகப் போய், யாரோ செதுக்கிய சிற்பத்தைப் பார்த்து 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று வரைந்தார். அதை யாரும் காப்பி என்று சொல்லவில்லை. எந்த ஊர்ச் சிற்பம் என்பதும் மறைக்கப்படவில்லை. சிற்பத்தைப் பார்த்த கண்ணோடு சில்பியின் கோட்டையும் சேர்த்துத்தான் ஜனங்கள் ரசித்தார்கள்.

கம்பர்கூட ராம கதையைச் சமஸ்கிருதத்தில் சொன்னவர்கள் மூவர், அதில் முதலாமவரான வால்மீகியைப் பின்பற்றுகிறேன் என்று பாயிரத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். கம்பருக்கே அது தேவைப்பட்டிருக்கிறது.

மயிலாப்பூர் பக்கம் பாட்டு கற்றுக்கொள்ளும் குழந்தைகளைக் கேளுங்கள். குரு பாடியதை சங்கதி பிசகாமல் அப்படியே திருப்பிப் பாட வேண்டும். பத்து வருஷம் அச்சு அசல் காப்பிதான். யாரும் குறை சொல்வதில்லை. "யாரோட பாடாந்தரம்?" என்று மட்டும் கேட்பார்கள். யாரிடமிருந்து வந்தது என்று அர்த்தம். பெயரைச் சொன்னால் அது சொத்து, மறைத்தால் திருட்டு. என் அம்மாவின் கோல நோட்டில் இருந்ததும் பாடாந்தரம்தான்.

இதை அவளிடம் சொன்னேன். அந்தப் பெண் என்னைவிடப் புத்திசாலி. "அப்போ டி-ஷர்ட்ல கீழ 'ஒரிஜினல்: ஸ்டூடியோ கிப்லி'ன்னு போட்டுட்டா சரியா அங்கிள்?"

மடக்கிவிட்டாள். பெயரைச் சொன்னால் மட்டும் போதாது போலிருக்கிறது.

யோசித்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன். "அந்த டி-ஷர்ட்டை வாங்கற பையன் எதுக்காகக் காசு கொடுக்கறான்? உன் வளைவுக்கா, சிஹிரோவுக்கா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சிஹிரோவுக்குத்தான்."

செல்லுலாய்டில் ட்ரேஸ் பண்ணியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அந்தப் படத்தை எடுத்த கம்பெனி. பேனர் ஓவியருக்குக் கொடுத்தது சினிமாக்காரர். கேட்டுச் செய்தார்கள், கேட்டவர் கொடுத்தார். இங்கே சிஹிரோவை விற்கிற இரண்டு பேரும் சிஹிரோவின் சொந்தக்காரரைக் கேட்கவில்லை. முப்பது மணி நேர உழைப்பு நிஜம்தான். ஆனால் உழைப்பு மட்டும் ஒரு பொருளை நமக்குச் சொந்தமாக்கிவிடாது. பக்கத்து மனையில் ராப்பகலாகக் கிணறு வெட்டினாலும் மனை அவருடையதுதான்.

ஜப்பான்காரர்கள் இதில் கஞ்சர்களும் இல்லை. 1975-லிருந்து டோக்கியோவில் நடக்கும் காமிக் மார்க்கெட்டில் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வரைந்து, தாங்களே அச்சடித்து விற்கிறார்கள். பெரும்பாலான சொந்தக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறார்கள். 2020 செப்டம்பரில் கிப்லியே தன் படங்களிலிருந்து 400 காட்சிகளை, 'ஸ்பிரிட்டட் அவே' உள்பட, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டது. ஒரே நிபந்தனை, நியாயமாகத் தோன்றும் அளவுக்குள் பயன்படுத்துங்கள் என்பது. வக்கீல் பாஷை எதுவும் இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு, 'உங்களுக்கே தெரியும்' என்று சொல்லிவிட்டுப் போகிறவரை எப்படி ஏமாற்றுவது? பூட்டை உடைப்பதைவிட அது சங்கடம்.

அவள் எதுவும் சொல்லாமல் கீழே போனாள். ராத்திரி அவள் அம்மா போனில் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: "வேண்டாம்னுட்டா. நீங்க ஏதோ சொன்னீங்களாமே." டேப்லட் தள்ளிப்போனதில் எனக்கும் ஒரு குற்ற உணர்ச்சி. நியாயம் பேசுவது சுலபம், ஆறாயிரம் ரூபாய் என்னுடையது இல்லையே.

கதை இங்கே முடிந்திருந்தால் நீதிக்கதை. ஆனால் உலகம் அப்படி ஓடவில்லை. இப்போது படத்தைக் கொடுத்தால் தானாகவே ட்ரேஸ் பண்ணும் வசதி எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. ஒரு பட்டனை அமுக்கினால் போதும். அதற்கும் மேலே, 2025 மார்ச்சில் ஊரே தன் கல்யாண போட்டோவை ஏ.ஐ.யிடம் கொடுத்து கிப்லி பாணியில் மாற்றி வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கும். அதில் முப்பது மணி நேரமும் இல்லை, இரண்டு புள்ளியும் இல்லை. "யாரோட பாடாந்தரம்?" என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை.

டி-ஷர்ட் கடைக்காரரும் காத்திருக்கவில்லை. போன மாதம் பாண்டி பஜாரில் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் தற்செயலாகப் பார்த்தேன். எதிரே ஒரு கல்லூரிப் பையன் வந்தான். நெஞ்சில் அதே சிஹிரோ, அதே காட்சி. அவள் நின்று, பையன் கடந்து போகும்வரை உற்றுப் பார்த்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். ஆறாயிரம் எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

"கன்னத்தைப் பாத்தீங்களா அங்கிள்? ஆட்டோ ட்ரேஸ் போட்டிருக்காங்க. ஒரு இருபது புள்ளியாவது இருக்கும். கரடுமுரடா…" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. எனக்கு அந்தக் கன்னத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்காது.

முப்பது மணி நேரத்தில் அவள் சம்பாதித்தது அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் மியாசாகியுடையது. அதைப் பார்க்கிற கண் இப்போது அவளுடையது.

இப்போது வீட்டில் தன் பாட்டியை வரைந்துகொண்டிருக்கிறாளாம். அடியில் போட்டோ இல்லாமல். சுருக்கம் நிறைந்த கன்னத்துக்கு எத்தனை புள்ளி வைப்பது என்று தெரியாமல் மூன்று நாளாக முழிக்கிறாள். யாரைப் பார்த்து ட்ரேஸ் பண்ணுவது?