புகையும் ஈரவாடையும்

2004ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் தேதி, ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபமொன்றின் மாடியில் வேய்ந்திருந்த கீற்றுப்பந்தல் பற்றியெரிந்து, மணமகன் உள்ளிட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைத் திருச்சிராப்பள்ளி வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நெருப்பில் உயிர் தப்பிய ஒருவருக்குப் பல்லாண்டு கழித்தும், உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் ஹோமப்புகை மூக்கில் ஏறிய கணமே நெஞ்சு படபடத்து, உடல் வியர்த்து, வாசற்படியைத் தேடிக் கண்கள் அலையுமானால், அதைக் கோழைத்தனமென்றோ பக்திக் குறைவென்றோ சொல்லத் தகுமா? பேரதிர்ச்சிக்குப் பிந்தைய இம்மன உளைச்சலை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனி நோயாக வகுத்தது. காலம் பலருடைய புண்ணை ஆற்றிவிடுகிறது; சிலருக்கோ அந்த நாள் முடிவதே இல்லை.

அனுபவம் சித்தத்தில் விட்டுச் செல்லும் பதிவை நம் தத்துவ நூல்கள் வாசனை என்கின்றன. எத்துணைப் பொருத்தமான சொல்! புத்தி ‘அது அன்று நடந்தது’ என்று அறிந்திருக்க, உடலில் தங்கிய வாசனைக்கு அன்று, இன்று என்ற பேதமே தெரிவதில்லை.

1323இல் டில்லிப் படை இதே திருவரங்கத்தைச் சூறையாடியபோது, ஸ்ரீபாஷ்யத்தின் உரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியையும் அதை இயற்றிய சுதர்சன சூரியின் இரு புதல்வர்களையும் காப்பதற்காக, வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் பிணங்களின் நடுவே மறைந்து கிடந்தார் என்று குருபரம்பரை கூறும். சரணாகதியை உலகுக்கு உபதேசித்த அப்பெருமகனார் பின்னர் அரங்கத்தாரின் அச்சம் நீங்க வேண்டி அபீதிஸ்தவம் பாடினார். அச்சத்தை வாய்விட்டு உரைப்பது விசுவாசத்துக்கு விரோதமாயின் ஆசாரியர் அதைச் செய்திருப்பாரா? ஆகவே, துயருற்றவர் பேசத் தொடங்குமுன்பே ‘எல்லாம் கர்மம்’ என்று அவர் வாயை அடைப்பதை நான் ஆறுதலாகக் கருதவில்லை. அது கேட்பவன் தன் மனக் கலக்கத்துக்குத் தேடிக்கொள்ளும் மருந்து.

மனச்சிகிச்சையாளர் மறக்கச் சொல்வதில்லை. அபயமான ஓர் அறையில், நோயாளியின் சம்மதத்தோடு, நடந்தவற்றை ஒலியும் மணமும் உட்படப் பலமுறை சொல்லச் செய்கிறார். அஞ்சி விலகிய இடங்களை, முதலில் ஓர் ஊதுவத்திப் புகை, பின் ஒரு மண்டபத்தின் வாசல் என்று, படிப்படியாக அணுகச் செய்கிறார். ‘நான் மட்டும் ஏன் பிழைத்தேன்’ என்னும் கேள்வியையும் தள்ளாமல் கேட்கிறார். இவ்வாறு சொல்லிச் சொல்லி, ஆபத்து முடிந்துவிட்டதென்று உடல் மெல்லக் கற்கிறது; பழைய வாசனை அழிவதில்லை, அதன்மேல் புதியதொன்று படிகிறது.

அந்தச் சூறையாடலுக்குத் தப்பி நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஊரூராய் அலைந்த அரங்கத்து உற்சவமூர்த்தி 1371இல் திரும்பி எழுந்தருளியபோது, பழைய திருமேனி இதுதானா என்ற ஐயம் எழுந்ததாம். அழிவுக்கு முன்பிருந்த நாளை அறிந்தவராய் எஞ்சியிருந்தவர், பெருமாளின் ஆடைகளை வெளுத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர். முதுமையில் கண்ணொளியும் இழந்தவர். திருமஞ்சனம் செய்வித்து, ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை அவர் கையில் வார்த்தார்கள். அதை முகர்ந்து பருகிய அந்தக் கிழவர், ‘இவரே நம்பெருமாள்’ என்றார் என்கிறது அக்கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு. அரங்கனை இன்றும் ஊர் அப்பெயராலேயே அழைக்கிறது.