நெசவுக்காரியின் பேரன்கள்

ஆங்கிலம் படித்த வீடுகளில் வெப்ஸ்டர் என்பது ஒரு தடித்த புத்தகத்தின் பெயர். 1828இல் அமெரிக்க ஆங்கிலத்துக்கு அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் குடும்பப்பெயர் அது. ஆயிரக்கணக்கான சொற்களுக்கு அந்தப் புத்தகத்தில் பொருள் தேடியவர்களில் எத்தனை பேர் அட்டையில் இருந்த பெயருக்குப் பொருள் தேடியிருப்பார்கள்? வெப்ஸ்டர் என்றால் நெசவு செய்பவள்.

பழைய ஆங்கிலத்தில் ஒரு தொழிற்சொல்லோடு 'ஸ்டர்' விகுதி சேர்ந்தால் அது பெண்ணைக் குறித்தது. நம் மொழியில் உழவன், உழத்தி என்றும் இடையன், இடைச்சி என்றும் வருவதைப் போல. நெய்பவன் வெப், நெய்பவள் வெப்ஸ்டர். ரொட்டி சுடுபவன் பேக்கர், சுடுபவள் பேக்ஸ்டர். மது காய்ச்சுபவன் ப்ரூவர், காய்ச்சுபவள் ப்ரூஸ்டர். நார்மானியர் வருகைக்குப் பிறகு, சில நூற்றாண்டுகளில், இங்கிலாந்தில் ஆளுக்கு ஆள் மாறிவந்த அடைமொழிகள் பரம்பரைப் பெயர்களாக உறைந்தன. அப்போது இந்தப் பெண்பால் சொற்களும் சேர்ந்து உறைந்து மகனுக்கும் பேரனுக்கும் போயின. வடக்குப் பகுதிகளில் அந்த விகுதி அதற்குள் ஆண்களுக்கும் வழங்கத் தொடங்கியிருந்ததால், ஒவ்வொரு வெப்ஸ்டர் குடும்பமும் ஒரு நெசவுக்காரியிடமிருந்து தொடங்கியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சொல்லுக்குள் இருப்பவள் பெண்தான். அந்த விகுதி தன் பாலை எவ்வளவு மறந்துபோனது என்றால், தையல் வேலை செய்யும் பெண்ணைச் சொல்வதற்கு அதன்மேலேயே இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டி 'சீம்ஸ்ட்ரெஸ்' என்று ஆக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு சொல் மட்டும் மறக்கவில்லை: ஸ்பின்ஸ்டர், நூல் நூற்பவள். அது வெப்ஸ்டரைப் போலக் குடும்பப்பெயராக நிலைக்கவில்லை. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டத்தான் அடைமொழி. ஊர்ப் பெண்கள் எல்லோரும் நூற்றுக்கொண்டிருந்தால் 'நூற்பவள்' என்பது யாரைப் பிரித்துக் காட்டும்? எல்லாப் பெண்களும் செய்த வேலை என்பதால்தான் அது பெயராகவில்லை என்று நினைக்கிறேன். பிறகு அந்தச் சொல் மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச்சொல்லானது. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் 2005வரை இருந்தது.

ப்ரூஸ்டர்களின் கதை இன்னும் கசப்பானது. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்துக் கிராமங்களில் 'ஏல்' என்னும் மதுவைக் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு அடுப்பில், வீட்டுப் பாத்திரத்தில் செய்து, மீந்ததை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். ஏல் சில நாளில் புளித்துவிடும் என்பதால் பெரிய அளவில் செய்ய முடியாது. பிறகு ஹாப்ஸ் சேர்த்த பீர் கடல் கடந்து வந்தது. அது கெடாமல் நின்றது, தொலைதூரம் போனது, பெரிய கொப்பரையும் முதலீடும் கேட்டது. முதலும் கடனும் தொழிற்சங்க உறுப்புரிமையும் ஆண்களிடம் இருந்தன. 1600 வாக்கில் அந்தத் தொழிலில் பெண்கள் அரிதாகிவிட்டார்கள். இந்த மாற்றத்தை வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னெட் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார்.

தொழில் போனது, பெயர் மட்டும் ஆண்களிடம் தங்கியது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போன குடியேறிகளின் சமய மூப்பர் வில்லியம் ப்ரூஸ்டர், நாட்டிங்ஹாம்ஷயரின் ஸ்க்ரூபி என்ற ஊர்க்காரர். மனைவி மேரியும் இரண்டு மகன்களும் உடன் சென்றார்கள். பேஷன்ஸ், ஃபியர் என்ற இரண்டு மகள்கள் 1623இல் இன்னொரு கப்பலில் போய்ச் சேர்ந்தார்கள். பொறுமை, அச்சம்: பெண் குழந்தைகளுக்குச் சூட்டத் தோன்றிய பெயர்களைப் பாருங்கள். சில ஆண்டுகளில் மூத்தவள் பிரென்ஸ் என்பவரையும் இளையவள் அலர்ட்டன் என்பவரையும் மணந்தார்கள். மது காய்ச்சும் பெண் என்று பொருள்படும் பெயரை அந்த வீட்டின் பெண்கள் இருவரும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஆண்கள் தொடர்ந்து சுமந்தார்கள்.

தொழிலை விடுங்கள், அம்மாவின் பெயரே குடும்பப்பெயரானதும் உண்டு. டில்லட்சன் என்றால் மட்டில்டாவின் செல்லப்பெயரான டில்லட்டின் மகன். இபட்சன் இஸபெல்லின் மகன், மெக்சன் மெக்கின் மகன். மேரியட் என்பது மேரியின் செல்லப்பெயர். எம்மட், எம்மாவின் செல்லப்பெயர். யார்க்ஷயர்காரரான ஜான் டில்லட்சன் 1691இல் கேன்டர்பரி பேராயரானார். இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குரு 'குட்டி மட்டில்டாவின் மகன்' என்ற பெயரோடு அமர்ந்திருந்தது எனக்குப் பிடித்த காட்சி.

இத்தகைய பெயர்களைப் பார்த்ததும் நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றே: அப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள். சில குடும்பங்களில் அப்படி இருந்திருக்கலாம். ஆனால் தந்தை முன்பே இறந்து தாய் குடும்பத்தை நடத்தியிருக்கலாம். நிலம் அவளுடையதாக இருக்கலாம். ஊருக்குத் தெரிந்தவள் அவளாகவே இருக்கலாம். குடும்பப்பெயர்களை ஆராய்ந்தவர்கள் இதை வெகுநாளாகச் சொல்லிவருகிறார்கள். என்னைத் தொந்தரவு செய்வது அந்த முதல் ஊகம்தான். அப்பாவின் பெயர் இருந்தால் அது பரம்பரை. அம்மாவின் பெயர் இருந்தால் அங்கே ஏதோ தவறு நடந்திருக்க வேண்டும். தாய்வழியை நாம் மறந்தது தற்செயல் என்று சொல்லிக்கொள்கிறோம். மறந்தவர்கள் இப்படிச் சந்தேகப்படுவதில்லை.

மறக்கவில்லை என்பதற்குச் சான்று அட்லாண்டிக்கின் மறுகரையில் இருக்கிறது. மேடிசன் என்ற பெயரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான் எனப்படுகிறது: மாட் என்ற பெண்ணின் மகன். (மாட் என்பதும் மட்டில்டாவின் சுருக்கமே. மேத்யூவின் மகன் என்று சொல்பவர்களும் உண்டு.) ஜான் மேடிசன் என்ற கப்பல் தச்சர் 1653இல் வர்ஜீனியாவில் நிலம் பெற்றார். அவர் வழியில் வந்தவரே அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன். அந்த முதல் மேடிசன் நிலம் பெற்ற காலத்தில், அதே வர்ஜீனியாவில் எலிசபெத் கீ என்ற பெண் தன் விடுதலைக்காக வழக்காடினாள். தாய் ஆப்பிரிக்க அடிமை, தந்தை தாமஸ் கீ என்ற ஆங்கிலேயர். ஆங்கிலேய மரபில் பிள்ளையின் நிலை தந்தையைப் பொறுத்தது என்பது அவள் வாதங்களில் ஒன்று. 1656இல் வென்றாள். ஆறே ஆண்டுகளில், 1662இல், வர்ஜீனியச் சட்டமன்றம் மரபைத் தலைகீழாக்கியது: பிள்ளை அடிமையா சுதந்திரரா என்பது இனித் தாயைப் பொறுத்தது. அடிமைப் பெண்ணை வன்புணரும் எசமானனுக்கு இதைவிட வசதியான சட்டம் இருக்க முடியாது. பிறக்கும் பிள்ளைக்கு அவன் தகப்பன் அல்ல, சொத்துக்காரன்.

பெயரும் நிலமும் அப்பா வழியில் வரும், விலங்கு அம்மா வழியில் வரும். தாய்வழியைக் கணக்கு வைக்கத் தெரியாத சட்டம் அல்ல அது. எங்கே லாபமோ அங்கே துல்லியமாக வைத்தது. 'மாட்டின் மகன்' என்ற பெயர் கொண்ட ஜனாதிபதி, அந்தச் சட்டத்தின்படி அடிமைகளாகப் பிறந்தவர்களைத் தன் வாழ்நாள் முழுவதும் உடைமையாக வைத்திருந்தார்.

அதனால்தான், ஒரு பெண்ணின் பெயர் வரலாற்றில் தங்கிவிட்டது என்று யாராவது மகிழ்ந்து சொல்லும்போது எனக்கு உடனே மகிழ முடிவதில்லை. தங்கியது மரியாதையாகவா, வெறும் அடையாளமாகவா?

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வாதம் ஒன்று உண்டு. 1855இல் ஹென்றி பிளாக்வெல்லை மணந்த லூசி ஸ்டோன் தன் பெயரை மாற்ற மறுத்தார். 1879இல் மாசசூசெட்ஸ் பெண்களுக்குப் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் வாக்களிக்கும் உரிமை தந்தபோது, பிளாக்வெல் என்று பதிந்தால்தான் வாக்கு என்றார்கள். அவர் மறுத்தார், வாக்கும் போனது. 'ஸ்டோன் என்பதும் அவள் அப்பாவின் பெயர்தானே, ஓர் ஆணின் பெயருக்குப் பதில் இன்னோர் ஆணின் பெயர், இதற்கு இவ்வளவு போராட்டமா?' என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் பையன்கள். நான் திருப்பிக் கேட்பது: பிளாக்வெல் என்பது யாருடைய பெயர்? ஹென்றியின் அப்பாவின் பெயர். ஆனால் அதை யாரும் ஹென்றியிடம் சொல்வதில்லை. ஆண் தன் தந்தையின் பெயரைப் பெற்றுக்கொண்டால் அது அவனுடையதாகிவிடுகிறது. பெண்ணிடம் மட்டும் அது இரவல் வாங்கியதாகவே இருக்கிறது. லூசி ஸ்டோன் அந்தப் பெயரில் பேசினார், வசைகளை வாங்கினார், சம்பாதித்தார். முப்பத்தாறு வயதில் மணமுடித்தபோது அது வேறு எவருடைய பெயராக இருந்திருக்க முடியும்? இனிஷியலோடு வளர்ந்த நமக்கு இது அந்நியமான வழக்கு அல்ல.

இங்கிலாந்தில் கணவர் பெயரை எடுத்துக்கொள்வதைச் சட்டம் என்றும் கட்டாயமாக்கியதில்லை. வழக்கமே போதுமானதாக இருந்தது. ஆனால் பதிவேடு வேறு. 1837 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவில் மணமக்கள் இருவருடைய தந்தையரின் பெயரும் தொழிலும் கேட்கப்பட்டன. தாய்க்குக் கட்டமே இல்லை. அவள் நெய்தாளா, சுட்டாளா, காய்ச்சினாளா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 2021 மே 4 முதல்தான் தாயின் பெயரும் தொழிலும் அதில் ஏறுகின்றன. அதற்கு முந்தைய, ஏறத்தாழ 184 ஆண்டுகளின் மணப்பெண்களுடைய அம்மாக்களைத் தேடுகிறவர்கள் இன்னும் வேறு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.