எனக்குப் பின் இவனுக்கு யார்?

பெற்றோர் தம் மக்களுக்குச் செய்ய வேண்டிய கடமை யாது என்னும் வினாவுக்கு வள்ளுவர் தெளிவான விடை தந்திருக்கிறார். கற்றோர் கூடும் இடத்தில் மகன் முன்வரிசையில் அமரும் தகுதியை அவனுக்கு உண்டாக்குவதே தந்தை செய்யத்தக்க உதவி என்பது அவர் கருத்து. ஆனால் அவ்வவையின் வாயிலையே மிதிக்க இயலாத பிள்ளை நம் இல்லத்தில் பிறந்துவிட்டால்? கடமை அங்கே முடிந்துவிடுமா, அல்லது வேறு உருக்கொள்ளுமா? பல நாள்களாக என் உள்ளத்தை அலைக்கழிக்கும் வினா இது.

எனது ஊர் வட்டவடை. மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், கேரளத்தின் தேவிகுளம் வட்டத்தில் இருக்கும் மலையூர். மாநிலம் கேரளமாயினும் வீட்டு மொழி தமிழே. படிப்படியாக இறங்கும் வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகின்றன. அங்கு வாழும் என் தமக்கையின் மகன் பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். சென்ற ஆண்டு அவனுக்கு 18 வயது நிறைந்தது; சிறப்புப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பத்தாண்டுகள் அங்கே எழுத்துகளை எழுதிப் பழகியவன், தனியாகப் பேருந்து ஏறவோ, கடையில் மீதிச் சில்லறை கேட்டு வாங்கவோ பழக்கப்படவில்லை. அடுத்து என்ன என்று அவனைக் கேட்டவரும் இலர்.

விடுப்பில் ஊர் சென்றிருந்தபோது அக்கா சொன்னார்: “தம்பி, எனக்கு வேறு ஆசையே இல்லை. இவன் போன மறுநாள் நான் போக வேண்டும்.”

ஈன்ற தாய் தன் மகனின் சாவைத் தன் சாவுக்கு முன்பாக வேண்டுகிறாள்! இதைக் கொடுமை என்பதா, அன்பின் எல்லை என்பதா? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எண்ணிப் பார்க்கையில் ஒன்று தெளிவாயிற்று. அந்த ஆசையின் வேர் அன்புதான். ஆனால் அவனை என்றும் குழந்தையாகவே வைத்துவிட்ட அன்பு. ஊட்டிவிட்டோம், உடுத்திவிட்டோம், அவனுக்காக நாமே பேசினோம். அவன் இல்லாமல் நாம் வாழலாம், நாம் இல்லாமல் அவன் வாழ இயலாது என்னும் நிலையை நம் பரிவே உண்டாக்கிவிட்டது.

வேறு வழி உண்டா என்பார்க்கு மூணாறே விடை கூறும். அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக 1990களில் உருவான ‘ஸ்ருஷ்டி’ அறநிறுவனம் பள்ளியோடு நின்றுவிடவில்லை. பள்ளி முடித்தவர்கள் வளர்ந்த மனிதராக நிற்பதற்கென்றே தொழிற்கூடங்களை அமைத்தது. ‘அதுல்யா’வில் கைத்தாள் செய்கிறார்கள், ‘ஆரண்யா’வில் இலை, பட்டை முதலியவற்றின் இயற்கைச் சாயங்களால் துணிக்கு நிறமேற்றுகிறார்கள். வாங்குவோர் இரக்கத்தால் வாங்குவதில்லை. பொருள் நன்றாயிருப்பதால் வாங்குகிறார்கள். இரக்கத்துக்கும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவன்றோ?

சட்டங்களும் இன்று நமக்குத் துணை நிற்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 18 வயது வரை இலவசக் கல்விக்கு வழிசெய்கிறது. அந்த வயது நிறைந்ததும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுவதைப் பலர் அறியார். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளரை அமர்த்திக்கொள்ளலாம். நம்மில் மத்திய அரசுப் பணியில் இருப்போர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். தானாக ஈட்ட இயலாத அத்தகைய பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரைக் குடும்ப விவரப் படிவத்தில் சேர்த்து, மருத்துவச் சான்றையும் இணைத்துவிடுங்கள். வெட்கத்தால் மறைக்கப்பட்ட ஒரு பெயர், தந்தையின் மறைவுக்குப் பின் எத்துணை அலைச்சலைத் தரும் என்பதைக் கோப்புகளில் கண்டவன் நான்.

ஆயினும் காகிதங்கள் மட்டும் போதா. அமெரிக்க நாட்டில் இத்தகைய மாணவனுக்கு 16 வயது ஆவதற்குள் வருங்காலத் திட்டம் வகுக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்துக்கு மாணவனையும் அழைக்க வேண்டும் என்பது அதன் சிறப்பு. நம் வீடுகளில் அவனைப் பற்றி, அவன் எதிரிலேயே, அவனைக் கேளாமல் பேசுகிறோம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். உழைத்து ஈட்டுபவனே வளர்ந்தவன் என்றால், படுக்கையை விட்டு எழவே இயலாதவன் என்றும் குழந்தைதானா? அன்று. ஈட்டுவது வளர்ச்சியின் ஓர் அடையாளமேயன்றி அதன் உயிரன்று. எந்தச் சட்டையை உடுப்பது, யாருடன் அமர்வது, எப்போது தனித்திருப்பது என்று கேட்கப்படும் உரிமையே அதன் உயிர். தலையசைத்தேனும் அவன் சொல்லும் விடைக்குக் காத்திருப்பது நம் கடமை. அவைக்குப் போக இயலாதவனுக்கு, அவன் சொல் எடுபடும் சிறிய அவையொன்றை வீட்டுக்குள்ளேயே அமைத்துத் தருவதுதான் வள்ளுவர் கூறிய உதவியின் மறு உரு என்று கருதுகிறேன்.

இவ்வாண்டுப் பூண்டு அறுவடையின்போது மீண்டும் ஊர் சென்றேன். என் மருமகனின் கை பூண்டைத் தரம் பிரிப்பதில் தவறுவதில்லை. பெரியது, நடுத்தரம், பொடி என்று பிரித்துக் கட்டிவிடுவான். வீட்டில் அதனை விளையாட்டாகவே கருதிவந்தோம். என் வேண்டுகோளுக்கிணங்கப் பக்கத்துத் தோட்டக்காரர் அவனை ஒரு வாரம் வேலைக்கு அழைத்து, மற்றவர்களுக்குத் தந்த அதே கூலியை அவன் கையிலேயே கொடுத்தார். அக்கா வழக்கம்போல் கையை நீட்டினார். அவன் தரவில்லை. மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “என்னது” என்றான்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. வளர்ந்த மகன் மீது தாய் கொள்ளும் கோபம் அது. அந்த வீட்டில் அதற்குமுன் நான் அதைக் கண்டதில்லை.

நம்மிடையே இத்தகைய பிள்ளையைப் பெற்றவர்கள் இருக்கக்கூடும். விருந்தினர் வரும்போது அவனை உள்ளறைக்கு அனுப்புபவர்களும் இருக்கக்கூடும். அவர்களை ஒன்று வேண்டுகிறேன். ‘எனக்குப் பின் இவனுக்கு யார்?’ என்னும் வினாவை இறுதிக் காலம் வரை தள்ளிப்போடாதீர்கள். அவனுக்கு 14 வயது ஆகும்போதே கேளுங்கள். அவனையும் அருகில் அமர்த்திக்கொண்டு கேளுங்கள்.