ஒரு பெயருள் மறைந்த இரண்டு உயிர்கள்

ஓர் உயிரை இன்னதென்று இனங்காணுதல் அறிவின் கடமை மட்டுமா? அறத்தின் கடமையும் அன்றோ?

ஐரோப்பாவின் வடமேற்குக் கரைக்கடல்களில் வாழும் பெருந்திருக்கையை ஆங்கிலேயர் 'சாதாரணத் திருக்கை' என்றே அழைத்தனர். உண்மையில் அங்கு வாழ்ந்தவை இரண்டு இனங்கள். ஒன்று ஒன்றரை மீற்றரளவே வளர்வது. மற்றது இரண்டு மீற்றரையும் தாண்டுவது, பருவமடைய நெடுங்காலம் எடுப்பது. 1926 ஆம் ஆண்டில் விஞ்ஞானம் அவ்விரண்டையும் ஒரே பெயருள் அடக்கிற்று. வலை இரண்டையும் வாரியது. சந்தை ஒன்றாகவே விற்றது. 1981 இல், ஐரிஷ் கடலில் அத்திருக்கை அற்றுப்போன செய்தி வெளியாயிற்று. 2010 ஆம் ஆண்டளவில், உடலமைப்பையும் பரம்பரையலகுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அவை வெவ்வேறு இனங்கள் என நிறுவின. இன்று இரண்டுமே மிக அருகிய இனங்கள்.

இதற்கு மீனவனைப் பழித்தல் நீதியன்று. பெயரிட்டவர் கற்றோர், பிரித்துப் பாராது இலாபம் கண்டது சந்தை.

எண்ணிக்கை குன்றும்போது இனத்தினுள் உள்ள பரம்பரை வேற்றுமைகளும் குன்றுகின்றன. புதிய நோயையும் மாறிவரும் கடலையும் தாங்கும் ஆற்றல் அவ்வேற்றுமைகளிலேயே பெரிதும் தங்கியுள்ளது. ஆதலால், 'இன்னும் சில உள்ளன' என்று ஆறுதல் கொள்ளுதல் பேதைமை.

மொத்தக் கணக்கு நலிந்தவரை மறைக்கும் திரையாகிவிடுகிறது. கடலில் மட்டுமா இந்நிலை? சமுதாயத்திலும் சராசரியின் நிழலிலேதான் பலர் அழிகின்றனர். அந்நிழலுள் அழிவது யார் என்று கேட்பதே அறத்தின் முதற்படி.